இங்கே படம் செல்லாது

சொக்கலிங்கம் கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

"பையா, தேகோ நா. பேமென்ட் ஹோ கயா," அண்ணே, பாருங்களேன், பணம் அனுப்பியாயிற்று என்று எதிரே நின்ற இளைஞன் கைபேசியை அவர் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினான்.

"பார்க்க மாட்டேன்."

"க்யா?"

"நஹி தேகேகா. காதுல கேக்கணும்." கண்ணைத் திறக்காமலே இடது கையால் துழாவி, கல்லாவுக்கு மேலிருந்த, பணம் ஏறினால் சத்தமாகச் சொல்கிற பேசும் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "யே போலேகா, தப் பார்சல். பெட்டி பேசினாத்தான் பார்சல்."

பெட்டி பேசவில்லை. கடைக்கு எதிரே, தீவுக் கப்பல்கள் வந்து நிற்கிற ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் ஒருமுறை ஊதியது. இளைஞன் கப்பலைப் பார்த்தான், பார்சலைப் பார்த்தான், கண்மூடித் தியானத்தில் நிற்கும் கடைக்காரரைப் பார்த்தான். கடைசியில் பர்ஸிலிருந்து நோட்டை உருவிப் பலகையில் வைத்துவிட்டுப் பார்சலோடு ஓடினான்.

சொக்கலிங்கம் கண்ணைத் திறந்தார். "பார்த்தியா ஒச்சம்மா? நெசமாவே அனுப்பியிருந்தா மறுபடி எடுத்துக் குடுப்பானா? திருடன்."

"கப்பல் போயிரும்னு குடுத்திருப்பான்," என்றாள் வடைச் சட்டிக்குப் பின்னாலிருந்த ஒச்சம்மா. "கண்ணை மூடிக்கிட்டு யாவாரம் பண்ற ஆளை நான் உசிலம்பட்டியிலயும் பார்த்ததில்ல, இந்தத் தீவுலயும் பார்த்ததில்ல."

இதற்கெல்லாம் காரணம் ஒரு பச்சை வட்டம். மாசி மாதத்தில் ஒருநாள், தொப்பி போட்ட ஒருவன் சுற்றுலாக் குழுவின் தலைவன் என்று சொல்லிக்கொண்டு வந்து, அட்டைப்பெட்டி நிறையப் பரோட்டாப் பார்சல் கட்டச் சொன்னான். கட்டி முடித்ததும் கைபேசியைக் காட்டினான். பச்சை வட்டம், அதற்குள் வெள்ளையாய் ஒரு டிக், அடியில் தொகை, எல்லாம் லட்சணமாக இருந்தன. சொக்கலிங்கம் 'தேங்க்யூ சார்' என்று சொல்லி, சால்னா பாக்கெட் இரண்டு கூடுதலாகவே வைத்தனுப்பினார். கப்பல் போனது. பணம் வரவில்லை. எங்கேயோ உட்கார்ந்து சாவகாசமாகத் தயாரித்த படம் அது.

"அந்தப் படத்தை மைதாக் கடைக்காரன்கிட்ட கொண்டுபோய்க் காட்டுங்க. மூட்டையை இறக்குறானான்னு பார்ப்போம்," என்றாள் அவர் மனைவி ஜெயலட்சுமி, அன்றிரவு கராச்சர்மாவிலிருந்த வீட்டில் அவர் தட்டில் சோற்றைப் போட்டபடி.

"நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும். காலையில வந்துரும்."

"காலையில அவன் ஹேவ்லாக் தீவுல உக்காந்து உங்க பரோட்டாவுக்கு ஏப்பம் விட்டுக்கிட்டு இருப்பான். இங்க பாருங்க. இன்னொரு தடவை இப்படிக் கோட்டை விட்டீங்கன்னா நந்தகுமாரை வரச் சொல்லிருவேன். அவன் கல்லாவுல உக்காரட்டும். நீங்க ஒச்சம்மா பக்கத்துல நின்னு வெங்காயம் உரிங்க."

நந்தகுமார் அவளுடைய தம்பி. மதுரையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் வேலை. 'பிசினஸ்னா ஒரு சிஸ்டம் வேணும் மாமா' என்று ஃபோனில் தவறாமல் சொல்கிறவன்.

வெங்காயத்துக்குச் சொக்கலிங்கம் பயப்படவில்லை. நாற்காலிதான் அவரைக் கலக்கியது. வயர் பின்னிய பழைய நாற்காலி. அதில் உட்கார்ந்தால், ஜெட்டிக்கு வருகிற கப்பல்கள் அவரை விசாரிக்க வருவது போலவும், போகிறவை அவரிடம் சொல்லிக்கொண்டு போவது போலவும் இருக்கும். சிவகங்கைச் சீமையிலிருந்து வந்து இறங்கிய மனிதர் உலகத்தை அந்த நாற்காலியிலிருந்துதான் பார்த்து வைத்திருந்தார். மச்சினன் அதில் சாய்ந்து உட்கார்ந்து கப்பல்களைப் பார்ப்பதை நினைத்தாலே நெஞ்சு எரிந்தது.

மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போனார். சிம் கார்டு விற்கிற அப்துல் வஹாப் நல்ல மனிதர், விவரமும் தெரிந்தவர். எதையும் ஆதியோடந்தமாகச் சொல்வார் என்பதுதான் சிரமம்.

"மொதல்ல படத்தை நம்பாதீங்கண்ணே. பணம் வந்திருச்சான்னு அவன் ஃபோனுல பார்க்காதீங்க, உங்க ஃபோனுல பாருங்க. கை ஓய்வில்லையா, இந்தப் பெட்டியை வைங்க. பணம் ஏறினா அதுவே சத்தமாச் சொல்லும். பெட்டி சும்மா இருக்கு, அவன் அனுப்பிட்டேன்னு அடிச்சுச் சொல்றான்னு வைங்க, அப்ப அவன் ஃபோனை வாங்கிப் பணம் யார் பேருக்குப் போயிருக்குன்னு ஒரு தடவை..."

"போதும் பாய். மொத வரியே போதும். படத்தை நம்பாதே."

"நான் இன்னும் முடிக்கலண்ணே."

"கப்பல் வந்திருச்சு பாய்."

அந்த வாரம் கடையில் பல வேலைகள் நடந்தன. தகரக் கூரையின் ஓட்டை அடைபட்டது. பேசும் பெட்டி கல்லாவுக்கு மேலே ஏறியது. பங்குனி உத்திரம் நெருங்குகிறது என்று முருகன் கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து, கடையின் ஜெட்டிப் பக்கத் தூணில் திருவிழாப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டுப் போனார்கள். மயில்மேல் முருகன், அடியில் தமிழில் நன்கொடை விவரம். எந்தக் கடை மூலம் அதிகம் வசூலாகிறதோ அந்தக் கடைக்காரருக்கு மேடையில் பொன்னாடை என்றார்கள். போன வருஷமும் அப்படித்தான் சொல்லி ஒரு தகர உண்டியலைக் கொடுத்திருந்தார்கள். திறந்தபோது அதில் சில்லறைக்கு நடுவே ஒரு சட்டைப் பொத்தானும் கிழிந்த கப்பல் டிக்கெட்டும் கிடந்தன. சொக்கலிங்கம் பொன்னாடை ஆசையை அன்றோடு விட்டவர். மாட்டிவிட்டுப் போங்கப்பா என்று சொல்லிவிட்டுச் சட்னியைக் கவனிக்கப் போனார்.

பெட்டி வந்தால் திருட்டு குறையும் என்று நினைத்திருந்தார். பெட்டி வந்த பிறகுதான் திருடர்கள் பெருகினார்கள். ஜெட்டி ஊழியர்கள், சுமை தூக்குகிறவர்கள், ஷாதிபூரிலிருந்து வரும் தமிழ் காண்டிராக்டர்கள் பணம் அனுப்பினால் பெட்டி கணீரென்று பேசியது. கப்பலுக்கு ஓடுகிற பயணிகள் அனுப்பினால் ஊமையாக இருந்தது. சிலர் முனகிக்கொண்டே மறுபடி ரொக்கம் கொடுத்தார்கள். சிலர் பார்சலோடு கப்பலேறிக் கைபேசியைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனார்கள். சொக்கலிங்கம் கரையில் நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"பாய், நான் ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கேன்," என்றார். "தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் எவனும் ஏமாத்தல. தெரியாதவன்தான் ஏமாத்துறான்."

"அப்படிப் பொதுவாச் சொல்லக்கூடாதுண்ணே."

"பொதுவாச் சொல்லல பாய். ஒவ்வொருத்தனாப் பார்த்துச் சொல்றேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

வஹாப் இன்னொரு யோசனையும் சொன்னார். சில ஊர்களில் திருடன் கடைக்காரரின் ஸ்கேன் அட்டைமேலேயே தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகிறானாம். தினமும் கடை திறந்ததும் அட்டையை ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது. சொக்கலிங்கம் தடவிப் பார்ப்பதோடு நிற்கவில்லை. தன் அட்டையைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்கிறவர்களுக்கு மட்டும் திறந்து காட்டிவிட்டு உடனே மூடுவார், நகைக்கடைக்காரர் வைரத்தைக் காட்டுவதுபோல.

பழைய ஆட்கள் கேட்டார்கள். பார்த்தார்கள். பெட்டி பேசியது. கப்பல் பயணிகள் கேட்கவே இல்லை. கேட்காமலே பணம் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

"அட்டை என்கிட்ட பூட்டிக் கிடக்கு. நீ எதைப் பார்த்து அனுப்பினே? ஹவா மே பேஜா? காத்துலயா அனுப்பினே?" என்று ஒருவனை மடக்கினார்.

"ஸ்கேன் கர்கே பேஜா, பிரவீன் பாய்."

"பிரவீனா?"

அவன் மட்டுமல்ல. அன்று வந்த ஒரு பஞ்சாபித் தம்பதி பிரவீன்ஜி என்றார்கள். மறுநாள் ஒரு தெலுங்குக்காரர் பிரவீன் காரு என்றார். சொக்கலிங்கம் கல்லாப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். எல்லாத் திருடர்களுக்கும் ஒரே தப்பான பெயரைச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறவன் எவனோ இருக்கிறான். அவன் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் ஏதோ ஒரு மாடியறையில் உட்கார்ந்து இந்தக் கடையை வரைபடத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

"பெரிய கூட்டமா இருக்குமோ பாய்?"

"உங்க வடைக்காகவா?" என்றார் வஹாப். "இருக்கும்ணே. சொல்றதுக்கில்ல."

அன்றைக்கே ஒரு வெள்ளை அட்டையில் தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றிலும் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இங்கே படம் செல்லாது.' அது ஜெட்டி முழுக்கப் பிரபலமாயிற்று. கப்பலில் டிக்கெட் பார்க்கிற ராவ், தினமும் அங்கே இட்லி சாப்பிடுகிறவர், தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லி வாங்கிப்போனார். "எங்களுக்கும் இதே தலைவலி அண்ணா," என்றார். சொக்கலிங்கம் பெருமையோடு, மை கொஞ்சம் அழுத்தியே எழுதிக் கொடுத்தார்.

படம் செல்லாது என்று எழுதியும் படத்தோடு வருகிறவர்கள் குறையவில்லை. மனிதச் சட்டத்துக்குப் பயப்படாதவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். தூணில் மயில்மேல் வீற்றிருந்த முருகன் கண்ணில் பட்டார்.

"ஒச்சம்மா, சாமி ஏன் ஓரமா இருக்காரு? முன்னாடி கொண்டாந்து வை. சாமி முகத்தைப் பார்த்துக்கிட்டு எவனும் பொய் சொல்ல மாட்டான்."

பலகை கல்லாவுக்கு நேர் முன்னால் வந்தது. மாலை போட்டு, வாடிக்கையாளர் முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு சின்ன பல்பும் மாட்டினார். அன்றிலிருந்து நிலைமை கைமீறியது. பெட்டி கிட்டத்தட்ட மௌன விரதமே பூண்டது.

"சாமிக்குப் பயந்த மாதிரித் தெரியல," என்றாள் ஒச்சம்மா. "ஆனா பக்தி இருக்கு. வர்றவனெல்லாம் ஃபோனைத் தூக்கி முருகனைப் படம் புடிக்கிறான். அந்த மயிலு அப்படி."

"திருடிட்டுச் சாமியைப் படம் புடிச்சா பாவம் போயிருமா? கலிகாலம்."

ஹேவ்லாக் கப்பல் கிளம்புகிற ஒரு காலையில்தான் அது நடந்தது. ஹேவ்லாக்கில் வேலை பார்க்கும் ரூபா டீச்சர், பெங்காலிக்காரர், கண்ணாடி போட்டவர், எலுமிச்சை சாதமும் வடையும் பார்சல் வாங்கினார். மொத்தம் இருநூற்றுப் பத்து ரூபாய். கைபேசியைத் தூக்கினார், இறக்கினார், "ஹோ கயா," என்றார். கூட்ட நெரிசலில் ஒச்சம்மா பெட்டி பேசும் முன்பே பார்சலைக் கொடுத்துவிட்டாள். டீச்சர் கப்பலை நோக்கி ஓடினார். பெட்டி வாய் திறக்கவில்லை.

சொக்கலிங்கத்தின் மனக்கண்ணில் நந்தகுமார் நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்தான்.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கப்பல் வாசலில் நின்றவர்கள் தெரிந்தவர்கள்தான். பார்சல் கொடுக்க வருகிறார் என்று நினைத்து வழிவிட்டார்கள். மேல்தளத்தில் ஜன்னலோரமாய் டீச்சரைப் பிடித்தார்.

"மேடம், பைசா நஹி ஆயா. பணம் வரல."

"பேஜ் தியா. தேகியே," அனுப்பிவிட்டேன், பாருங்கள் என்று டீச்சர் கைபேசித் திரையைத் திருப்பினார்.

சொக்கலிங்கம் கண்ணை மூடினார். ஆடுகிற கப்பலில் கண்ணை மூடி நிற்பது லேசான காரியமல்ல. ஒரு கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் குமட்டலாக்கும் என்று அவர் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து அழுத்தினார். இன்னொருவர் பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்தார்.

"ஏக் பார் தேகியே தோ, பிரவீன் பாபு," என்று டீச்சர் கெஞ்சினார். ஒரு தடவை பாருங்களேன்.

பிரவீன் என்றதும் அவருக்கு மிச்சமிருந்த இரக்கமும் போயிற்று. இந்த வயதில், கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் இவருமா.

"கேஷ்," என்றார்.

சுற்றிலும் எல்லோரும் பார்த்தார்கள். டீச்சரின் முகம் சிவந்தது. பையைத் திறந்து இருநூற்றுப் பத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சொக்கலிங்கம் வெற்றியோடு கண்ணைத் திறந்தபோது ஜெட்டி தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஒரு புள்ளி. ஒச்சம்மாவாக இருக்கலாம்.

"அண்ணா, டிக்கெட்?" என்றது ராவின் குரல்.

விளக்கம் சொன்னார். ராவ் அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, டிக்கெட்டுக்கும் அபராதத்துக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். கையிலிருந்த இருநூற்றுப் பத்து போதவில்லை. மிச்சத்தைக் கைபேசியில் அனுப்பினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. நிலம் மறைய மறைய சிக்னலும் கோடு கோடாகக் குறைந்து, கடைசிக் கோடும் கடலில் விழுந்தது.

"அனுப்பிட்டேன் ராவ். இதோ பாருங்க, திரையிலயே இருக்கு."

ராவ் சுவரைக் காட்டினார். கொட்டை எழுத்தில், அழுத்தமான மையில், மூன்று மொழிகளில் தொங்கியது: 'இங்கே படம் செல்லாது.' பிறகு ராவ் தன் கண்களை இறுக்க மூடிக்கொண்டார்.

"ராவ், என்னைத் தெரியாதா உங்களுக்கு? தினமும் இட்லி..."

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே அண்ணா."

ஜன்னல் பக்கமிருந்து ஒரு கை நீண்டது. ரூபா டீச்சர் மிச்சப் பணத்தை ராவிடம் கொடுத்தார்.

"நாளைக்கோ அப்புறமோ குடுங்க," என்று ஹிந்தியில் சொன்னார். "நீங்க எங்க ஓடிடப் போறீங்க."

எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே சொக்கலிங்கம் ஹேவ்லாக் போய், அங்கே யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் காத்திருந்து, திரும்புகிற கப்பலில் ஏறி வந்தார். நாற்காலியில் ஜெயலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க கேப்டன். ஊர்வலமெல்லாம் நல்லா இருந்துச்சா?"

"அந்தம்மாகிட்ட பணத்தை வாங்கிட்டேன்ல."

"அதை வாங்க எவ்வளவு குடுத்தீங்க?"

அவர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கல்லாமேல் வைத்தார்.

"நந்து டிக்கெட் போட்டுட்டான். உத்திரத்தன்னைக்கு வர்றான். சாமியைக் கும்பிட்டுட்டு மறுநாள் கல்லாவுல உக்காருவான். பேச்சே கிடையாது."

உத்திரத்தன்று கோயில் வளாகத்தில் கால் வைக்க இடமில்லை. காவடிகள் வந்து சேர்ந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, கமிட்டித் தலைவர் மேடையில் மைக்கைப் பிடித்திருந்தார். முன்வரிசையில் ஜெயலட்சுமி. பக்கத்தில், விமானத்திலிருந்து நேராக வந்திருந்த நந்தகுமார், கையில் புது கால்குலேட்டர். அவர்களுக்குப் பின்னால் சொக்கலிங்கம், வெங்காயம் உரிக்கப் போகிறவரின் முகத்தோடு.

"இந்த வருஷம் உண்டியலை விட்டுட்டுப் பலகை குடுத்தோம்," என்றார் தலைவர். "யாரும் எதிர்பார்க்காத வசூல். அதுலயும் ஒரே ஒரு கடை, மத்த எல்லாக் கடையும் சேர்ந்து குடுத்ததைவிட அதிகம். ஃபீனிக்ஸ் பே ஜெட்டி, நம்ம சொக்கலிங்கம் அண்ணன் கடை. அண்ணன் மேடைக்கு வரணும்."

சொக்கலிங்கம் திரும்பிப் பார்த்தார், வேறு சொக்கலிங்கம் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று. ஜெயலட்சுமி வாயைப் பிளந்து, கண் கலங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, சொல்லவே இல்லையே. போங்க, போங்க."

நந்தகுமார் எழுந்து வழிவிட்டான். மேடைப் படி ஏறும்போது சொக்கலிங்கத்துக்கு உடம்பு லேசானது. ஒச்சம்மா சொன்னது சரிதான், அந்த மயிலைப் பார்த்து மயங்காதவர் இல்லை. இத்தனை திருடர்களுக்கு நடுவே தன் கடைவாசலில் இத்தனை பக்தர்கள் நின்றிருக்கிறார்கள். பொன்னாடை போர்த்திய புருஷனை நாற்காலியிலிருந்து எழுப்ப எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? ஜெயலட்சுமியின் முகத்தைப் பார்த்தார். வராது. நாற்காலி தப்பியது.

"பொன்னாடை போர்த்த நம்ம பொருளாளர் பிரவீன்குமாரை அழைக்கிறேன்," என்றார் தலைவர்.

அந்தப் பெயர் சொக்கலிங்கத்தின் நெஞ்சில் எங்கேயோ போய் இடித்தது. எங்கே என்று அவர் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஜரிகை போட்ட பொன்னாடை தோளில் விழுந்தது. கைதட்டல் எழுந்து அடங்கியது. பிரவீன்குமார் மரியாதையாக அவர் பக்கம் குனிந்து, கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்து, கோயில் முழுக்கக் கேட்கும்படி ரகசியம் பேசினான்.

"ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேண்ணே. மத்த கடையில நம்ம முருகன் பலகையை ஸ்கேன் பண்றவங்க எல்லாம் நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணுன்னு என் ஃபோனுக்கு அனுப்புறாங்க. உங்க கடையில மட்டும் அறுபது, தொண்ணூறு, இருநூத்திப் பத்துன்னு வருதே, அது என்ன வேண்டுதல்?"